சோதனையும் பாவமும்: ஜான் பன்யனின் இரு நூல்களை முன்வைத்து ஓர் ஆய்வு

முன்னுரை

கிறித்தவ இலக்கியம் குறித்துத் தமிழில் எழுதப்பெறும் ஒப்பாய்வுகளில், கிறித்தவ அறத்தின்படி தீய செயல் மட்டுமன்றித் தீய எண்ணமும் பாவமே என்னும் கருத்து அடிக்கடி இடம்பெறுகிறது. மத்தேயு நற்செய்தியின் 5ஆம் அதிகாரத்தில், ஒரு பெண்ணை இச்சிக்கும் நோக்கைப் பற்றி இயேசு கூறுவது இதற்குச் சான்றாகக் காட்டப்பெறும். உடன் நிறுத்தி ஒப்பிடப்பெறுவது, பிறர் பொருளைக் கவர எண்ணுவதும் தீதென உரைக்கும் 282ஆம் குறள். ஒப்பீடு பொருத்தமானதே. ஆயினும் அதிலிருந்து பெறப்படும் முடிவு முழுமையானதன்று. எண்ணம் என்னும் ஒரே சொல்லால், உள்ளத்தில் தானே வந்து தோன்றுவதையும் உள்ளம் விரும்பி ஏற்றுக்கொள்வதையும் சேர்த்துக் குறித்துவிடுவதால் இக்குறை நேர்கிறது.

கிறித்தவ மறையியல் இவ்விரண்டையும் வேறுபடுத்தியே பேசுகிறது. முன்னது சோதனை, பின்னது பாவம். எபிரெயர் திருமுகம் 4ஆம் அதிகாரம், இயேசு எல்லா வகையிலும் மனிதரைப் போலவே சோதிக்கப்பட்டார், ஆனால் பாவமற்றவராயிருந்தார் என்று உரைக்கிறது. சோதிக்கப்படுவதே பாவமாயின் இக்கூற்றுக்குப் பொருளில்லை. எனவே இவ்வேறுபாடு கிறித்தவக் கோட்பாட்டின் மையத்தோடு தொடர்புடையது.

ஆனால் இவ்வெல்லைக்கோடு எங்கே வரையப்படுகிறது என்பதில் கிறித்தவ மரபுகளுக்குள் ஒருமித்த கருத்து இல்லை. அந்த வேறுபாடு இலக்கிய வடிவத்தையும் பாதிக்கிறது என்பதே இக்கட்டுரையின் கருதுகோள். ஆய்வுக்களமாக ஜான் பன்யனின் (1628–1688) தன்வரலாறான ‘கிரேஸ் அபவுண்டிங்’ (1666), ‘மோட்சப் பிரயாணம்’ எனத் தமிழில் அறியப்பெறும் உருவகக் கதையின் முதற்பகுதி (1678) ஆகியன கொள்ளப்படுகின்றன. பின்னதைத் தழுவியே எச்.ஏ. கிருஷ்ணபிள்ளையின் ‘இரட்சணிய யாத்திரிகம்’ (1894) எழுந்தது. ஆதலால் இவ்வாய்வு தமிழ்க் காப்பியத் திறனாய்வுக்கும் பயன்படும்.

சொல்லும் பொருளும்

புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தில் ‘பெய்ராஸ்மோஸ்’ என்னும் சொல் இருபொருள் தருவது. ஒருவரின் உறுதியை அறியும் பொருட்டுச் சோதித்தல் ஒரு பொருள். தீமை செய்யும்படி தூண்டுதல் மற்றொரு பொருள். யாக்கோபு திருமுகத்தின் முதல் அதிகாரம் இவ்விரு பொருளையும் அடுத்தடுத்து ஆள்கிறது. பல்வகைச் சோதனைகள் நேரும்போது மகிழுமாறு தொடக்கத்தில் கூறும் ஆசிரியர், சில வரிகளுக்குப்பின் கடவுள் எவரையும் சோதிப்பதில்லை என்கிறார். முன்னதில் உறுதியைப் புடமிடும் துன்பமும் பின்னதில் தீமைக்கு இழுக்கும் தூண்டுதலும் குறிக்கப்படுகின்றன.

தமிழ் விவிலியங்கள் இவ்விரு பொருளுக்கும் பெரும்பாலும் ‘சோதனை’ என்னும் சொல்லையே ஆள்கின்றன. தூய்மைப்படுத்துதல் என்னும் பொருளுடைய வடசொல்லின் வழிவந்த இது, தமிழ் வழக்கில் ஆராய்ந்து பார்த்தல் என்னும் பொருளில் நிலைபெற்றது. சுங்கச் சோதனை, இரத்தச் சோதனை முதலிய வழக்குகளை நோக்குக. சோதிக்கப்படுபவர் அச்சோதனைக்காகக் குற்றவாளி ஆகார் என்னும் கருத்து இச்சொல்லிலேயே அமைந்திருப்பது ஒரு நன்மை. எனினும் ஒரு குறையும் உண்டு. சோதனை என்னும்போது வெளியிலிருந்து ஒருவர் சோதிப்பது தோன்றுகிறதேயன்றி, சோதிக்கப்படுபவரின் உள்ளம் அதில் காணும் இன்பம் தோன்றுவதில்லை. மறுபுறம், திறனாய்வாளர் சிலர் இதனைச் ‘சபலம்’ என்று பெயர்த்தெழுதுகின்றனர். சபலம் உள்ளத்தின் நிலையாமையைச் சுட்டுவதால், இசைவு நிகழ்வதற்கு முன்பே குற்றம் சாட்டும் சொல்லாகிவிடுகிறது. இவ்விரு சொற்களுக்கும் இடைப்பட்ட நிலத்திலேயே நம் ஆய்வுப்பொருள் உள்ளது.

யாக்கோபு அவ்விடைநிலத்தை ஓர் உருவகத்தால் காட்டுகிறார். மனிதன் தன் இச்சையால் இழுக்கப்பட்டுச் சிக்குகிறான். இச்சை கருவுற்றுப் பாவத்தை ஈன்றெடுக்கிறது. பாவம் முதிர்ந்து சாவை ஈனுகிறது. சிக்குதலைக் குறிக்க அவர் ஆளும் வினைச்சொல், தூண்டிலிரை என்னும் பெயரினின்று பிறந்தது. இரையைக் காண்பது வேறு, கவ்வுவது வேறு. கருவுறுதல் வேறு, பிறப்பு வேறு. உருவகங்கள் இரண்டும் இடைவெளியொன்றை உணர்த்துகின்றன.

மூன்று படிகள்

இவ்விடைவெளியைப் பகுத்துக் காட்டியவர் அகுஸ்தீன். கி.பி. 4ஆம் நூற்றாண்டின் இறுதியில் இயற்றிய மலைப்பொழிவு விளக்கத்தில் அவர் பாவம் நிறைவுறும் படிகளை மூன்றாக வகுத்தார். அவை தூண்டல், மகிழ்தல், இசைதல் என்பன. புலன்வழியோ நினைவுவழியோ ஒரு பொருள் உள்ளத்தில் தோன்றுவது தூண்டல். அதில் உள்ளம் இன்பம் காண்பது மகிழ்தல். அவ்வின்பத்திற்கு அறிவு உடன்படுவது இசைதல். ஏதேன் தோட்டத்தின் பாம்பு, ஏவாள், ஆதாம் ஆகிய மூவரையும் முறையே இம்மூன்று படிகளுக்கு நிகராக அவர் காட்டுகிறார். இசைவு நிகழ்ந்தவிடத்தே, செயல் நிகழாவிடினும், உள்ளத்தில் பாவம் முழுமை பெறுகிறது என்பது அவர் கருத்து.

இப்பகுப்பை அவர் செய்வது மேற்சுட்டிய மத்தேயு பகுதிக்கு விளக்கம் கூறும் இடத்திலேயே என்பது கருதத்தக்கது. இச்சை தோன்றிய எவரையும் இயேசு சுட்டவில்லை. இச்சிக்கும் நோக்கத்தோடு பார்ப்பவரையே சுட்டினார் என அகுஸ்தீன் பிரித்துரைக்கிறார். இச்சிக்கும் பொருட்டு என நோக்கப்பொருள் தரும் கிரேக்கத் தொடரமைப்பும் இவ்விளக்கத்திற்கு இடந்தருகிறது. எனவே இப்பகுதியைக் கொண்டு எண்ணத் தோற்றமே பாவம் என்று நிறுவுதல் அரிது.

குறளிலும் இத்தகைய நுட்பம் உண்டு. 282ஆம் குறளில் வரும் ‘கள்வேம்’ என்பது தன்மைப் பன்மை எதிர்கால வினைமுற்று. ஒரு துணிவைக் கூறுவது. பிறர் பொருள் கண்ணில் பட்டதையோ அதன்பால் விருப்பம் எழுந்ததையோ அச்சொல் குறிக்கவில்லை. மேலும் இவ்வதிகாரம் துறவறவியலில் அமைந்திருத்தலின், பரிமேலழகர் இதனைத் துறந்தார் மேல் வைத்தே உரை காண்பார். ஆகவே இரு நூல்களையும் ஒப்பிடுவோர், எண்ணம் என்னும் பொதுச்சொல்லில் நில்லாமல் துணிவு என்னும் படியில் அவற்றை ஒப்பிடுவதே பொருந்தும்.

எல்லைக்கோட்டின் இடமாற்றம்

அகுஸ்தீனின் இரண்டாம் படியாகிய மகிழ்தலைக் குறித்து 16ஆம் நூற்றாண்டில் பெரும் கருத்துவேறுபாடு எழுந்தது. திருமுழுக்குப் பெற்றவரிடத்தும் தங்கியிருக்கும் தீய நாட்டம், தன்னளவில் பாவமா என்பதே வினா. 1530-ஆம் ஆண்டின் அவுக்ஸ்பர்க் அறிக்கை, பிறவியோடு வரும் இக்கேடு உண்மையிலேயே பாவம் என்றது. திரெந்துப் பொதுச்சங்கம் 1546-இல் இதற்கு மாறாக, அந்நாட்டம் பாவத்தினின்று வந்து பாவத்தின்பால் சாய்ப்பது. எனினும் இசையாதவருக்குத் தீங்கு செய்ய மாட்டாது. அது தன்னளவில் பாவமன்று எனத் தீர்மானித்தது. இங்கிலாந்துத் திருச்சபையின் முப்பத்தொன்பது கொள்கைகளில் 9ஆவது, இச்சை பாவத்தின் இயல்புடையதே என்றது. 1646-இல் வரையப்பட்ட வெஸ்ட்மின்ஸ்டர் அறிக்கை, அக்கேட்டின் உள்ளசைவுகள் அனைத்தும் பாவமே என மேலும் விரித்துரைத்தது.

இதன் விளைவு யாது? கத்தோலிக்க மரபில் வினா, ‘நான் இசைந்தேனா?’ என்பதில் நிலைகொள்கிறது. சீர்திருத்த மரபிலும் அவ்வினா உண்டு. ஆனால் அதற்கு முன் வேறொரு வினா எழுந்து நிற்கிறது: ‘இந்த எண்ணம் வெளியிலிருந்து வந்ததா, என்னுள்ளிருந்தே எழுந்ததா?’ வெளியிலிருந்து வந்ததாயின் அது சோதனை. உள்ளிருந்து எழுந்ததாயின் அதுவே பாவத்தின் அசைவு. தன் எண்ணத்தின் ஊற்றுக்கண்ணைத் தானே அறிய வேண்டிய கட்டாயம் இதனால் ஏற்படுகிறது. பன்யன் இம்மரபில் வாழ்ந்தவர்.

தன்வரலாற்றில் எல்லைக்கோடு

திருச்சபையின் ஒப்புதலின்றி மறையுரை ஆற்றியமைக்காக 1660 முதல் 1672 வரை பெட்ஃபோர்டில் சிறைப்பட்டிருந்தவர் பன்யன். அக்காலத்தே எழுதிய தன்வரலாற்றில் இரு சோதனைகளை விரிவாகக் கூறுகிறார்.

முதலாவது, இறைவனைப் பழிக்கும் எண்ணங்கள் வெள்ளமெனப் பாய்ந்த காலம். நாடோடிப் பெண்ணொருத்தி தன் ஆடைக்குள் மறைத்துக் கடத்திச் செல்லும் குழந்தையின் நிலைக்குத் தம் நிலையை அவர் ஒப்பிடுகிறார். குழந்தை உதைக்கிறது, கதறுகிறது, எனினும் கொண்டுசெல்லப்படுகிறது. இவ்வுவமையில் எல்லைக்கோடு தெளிவாக உள்ளது. கடத்துபவள் வேறு, குழந்தை வேறு. உதைத்தலே இசையாமைக்குச் சான்று.

இரண்டாவது, கிறிஸ்துவை விற்றுவிடு என்னும் குரல். ஏறத்தாழ ஓராண்டு இது அவரை விடவில்லை. உணவுண்ணும்போதும், குனிந்து ஊசியை எடுக்கும்போதும், விறகு பிளக்கும்போதும் இக்குரல் ஒலித்தது. விற்க மாட்டேன் என்று அவர் மீளமீள மறுத்தார். மறுப்பின் வேகத்தில் கைகளாலும் முழங்கைகளாலும் எதையோ தள்ளுவதுபோல உடலும் அசைந்தது. ஒரு காலைப்பொழுதில் படுக்கையில் கிடந்தபோது, அவர் விரும்பினால் போகட்டும் என்னும் பொருளில் ஓர் எண்ணம் நெஞ்சில் கடந்து சென்றது; தம் உள்ளம் அதற்குத் தானே இசைந்ததாக உணர்ந்தார்.

இவ்விடத்தில் பன்யனின் சொல்லாட்சி கூர்ந்து நோக்கத்தக்கது. எண்ணம் கடந்து சென்றது என்பது ஒன்று. உள்ளம் இசைந்தது என்று தோன்றியது என்பது மற்றொன்று. முன்னது நிகழ்வு, பின்னது அந்நிகழ்வுக்கு அவரே அளித்த தீர்ப்பு. களைத்துச் சோர்ந்த உள்ளம் மறுப்பை ஒருகணம் நிறுத்தியது இசைவாகுமா? இவ்வினாவுக்கு விடையளிக்கும் மூன்றாமவர் நூலில் இல்லை. அதன்பின் நெடுங்காலம் அவர் தம் குற்றத்தைத் தாவீது, பேதுரு, யூதாசு ஆகியோரின் குற்றங்களோடு நிறுத்துப் பார்க்கிறார். தலைமகனுரிமையை விற்ற ஏசாவின் கதை அவரை வாட்டுகிறது. மன்னிப்பற்ற பாவத்தைச் செய்துவிட்டதாக அஞ்சுகிறேன் என்று முதிர்ந்த கிறித்தவர் ஒருவரிடம் கூறியபோது, தமக்கும் அவ்வாறே தோன்றுவதாக அவர் விடையளித்தார்.

தன்மைக் கூற்றின் எல்லை இங்கே வெளிப்படுகிறது. கூறுபவரும் குற்றம் சாட்டுபவரும் குற்றம் சாட்டப்பெறுபவரும் ஒருவரே. சோதனைக்கும் பாவத்துக்கும் இடையிலான கோட்டை வரைய, உள்ளத்துக்கு வெளியே நிற்கும் ஒரு பார்வை வேண்டும். தன்வரலாற்று வடிவம் அதனை அளிக்கவில்லை.

உருவகக் கதையில் எல்லைக்கோடு

அப்பார்வையை ‘மோட்சப் பிரயாணம்’ அளிக்கிறது. (பாத்திரப் பெயர்கள் இங்குப் பொருள்நோக்கித் தமிழாக்கப்பெற்றுள்ளன.) மரண நிழலின் பள்ளத்தாக்கில், எரியும் குழியின் வாயருகே கிறிஸ்தியான் செல்கையில், தீய ஆவிகளுள் ஒன்று ஓசையின்றிப் பின்னே வந்து, இறைவனைப் பழிக்கும் சொற்களை அவன் காதில் கிசுகிசுக்கிறது. அவை தன் மனத்தினின்றே எழுந்தவை என எண்ணி அவன் கலங்குகிறான். தன்வரலாற்றின் முதற்சோதனையே இது. வேறுபாடு ஒன்றுதான்: கதைசொல்லி உண்மையை அறிவார், வாசகரும் அறிவார், கிறிஸ்தியான் மட்டுமே அறியான். பாத்திரத்தின் அறிவுக்கும் வாசகரின் அறிவுக்கும் இடைப்பட்ட இவ்வேறுபாட்டில்தான் சோதனை பாவமன்று என்னும் கோட்பாடு நிறுவப்படுகிறது. விளக்கவுரை எதுவும் தேவைப்படவில்லை. எண்ணத்திற்கு ஓர் உடலைத் தந்து, அதனைக் கிறிஸ்தியானின் முதுகுக்குப் பின் நிறுத்தியதே போதுமானதாயிற்று.

உருவகம் என்பது அருவமான கருத்துகளுக்கு அணிகலன் பூட்டும் உத்தி என்று பொதுவாகக் கருதப்படுகிறது. ஈண்டு அது பகுத்துக் காட்டும் கருவியாகச் செயல்படுகிறது. எது நான், எது நானல்லேன் என்று உள்ளத்தால் பிரிக்க இயலாததை அது இடத்தால் பிரிக்கிறது.

ஆயினும் பன்யன் இத்தீர்வோடு அமைதியடையவில்லை. உண்மையன் கூறும் பகுதி இதனை உணர்த்தும். கடினமலையின் அடிவாரத்தில் முதல் ஆதாம் என்னும் முதியவன் அவனைத் தன் இல்லத்துக்கு அழைக்கிறான். உண்மையன் சற்றே மனம் சாய்கிறான்; பின் தெளிந்து மறுத்துச் செல்கிறான். அகுஸ்தீனின் வகுப்பின்படி தூண்டலும் மகிழ்தலும் உண்டு, இசைவு இல்லை. ஆனால் மலையேறும் வழியில் ஒருவன் காற்றெனப் பின்தொடர்ந்து வந்து அவனை அடித்து வீழ்த்துகிறான். காரணம் கேட்டபோது, முதல் ஆதாமின்பால் நீ மறைவாகச் சாய்ந்தமையே காரணம் என்கிறான். அடித்தவன் மோசே, இரக்கமறியாத திருச்சட்டத்தின் உருவம். கைகளில் துளையுடைய ஒருவர் அவ்வழியே வந்து தடுத்திராவிடில் உண்மையன் பிழைத்திரான்.

ஒரே சாய்வு இங்கு இரு நீதிமன்றங்களில் நிறுத்தப்படுகிறது. சட்டத்தின் முன் அது குற்றம். அருளின் முன் அதற்குத் தண்டனை இல்லை. சாய்வு குற்றமே அன்று என்று பன்யன் கூறவில்லை என்பது கருதத்தக்கது. மோசேயின் குற்றச்சாட்டு மறுக்கப்படவில்லை. அடி மட்டுமே நிறுத்தப்படுகிறது. சீர்திருத்த மரபின் கோட்பாடு கதைநிகழ்வாக உருப்பெற்ற இடம் இது. இதே உண்மையன், காமுகியிடமிருந்து முற்றிலும் தப்பினேனோ இல்லையோ அறியேன் என்று கூற, அவளுக்கு இசைந்திருக்க மாட்டாய் அல்லவா எனக் கிறிஸ்தியான் வினவுவதும் இவ்விரு அளவுகோல்களின் உரையாடலே.

இவ்வாய்வுப்பொருளை நேரே வினாவாக எழுப்பும் பாத்திரம் நம்பிக்கையன். வெள்ளிச்சுரங்கத்தைக் காண வருமாறு தேமா அழைத்தபோது, போய்ப் பார்ப்போம் என்றவன் அவன். கிறிஸ்தியான் தடுத்தமையால் நின்றான். சிறிது தொலைவில் உப்புத்தூணாகிய லோத்தின் மனைவியைக் கண்டதும், அவள் பாவத்துக்கும் என் பாவத்துக்கும் வேறுபாடு என்ன என்று கேட்கிறான். அவள் திரும்பிப் பார்த்தாள்; தானோ போய்ப் பார்க்கவே விரும்பினான் என வெட்குகிறான். இதற்குக் கிறிஸ்தியான் கோட்பாட்டு விடை எதுவும் தரவில்லை. காண்பதை வருங்காலத்துக்கு உதவியாகக் குறித்துக்கொள்வோம் என்கிறான். பன்யனிடத்து அவ்வினாவுக்குத் தருக்க விடை இல்லை என்பதையே இம்மௌனம் காட்டுகிறது. அவன் தூணாகாமைக்கு அவன் விருப்பத்தின் தூய்மை காரணமன்று, அருளே காரணம்.

இசைவு நிகழும் காட்சியும் நூலில் உண்டு. பாதை கரடுமுரடாகிப் பாதங்கள் நொந்தபோது பயணிகள் நல்வழியை விரும்புகின்றனர். அவ்விருப்பத்துக்காக அவர்கள் தண்டிக்கப்படவில்லை. அருகே ஒரு புல்வெளியும், வேலியைத் தாண்டுவதற்கான மரப்படியும் தென்படுகின்றன. இவ்வழி நம்மைத் திசைமாற்றிவிடின் என் செய்வது என நம்பிக்கையன் ஐயுறுகிறான். கிறிஸ்தியான் அவனை இணங்கச் செய்து படியைத் தாண்டுகிறான். முடிவு, ஐயக்கோட்டையின் இருட்டறை. தன்வரலாற்றில் படுக்கையில் கிடந்தபோது நிகழ்ந்ததா இல்லையா என்று நெடுங்காலம் தேடிய இசைவு, இங்குக் கால் தூக்கிவைக்கும் ஒரு படியாகக் கண்முன் நிற்கிறது. பின்னர்க் கிறிஸ்தியான் தன் தோழனிடம் மன்னிப்பு வேண்டுகிறான். இத்தவற்றை எவரும் அவன் காதில் கிசுகிசுக்கவில்லை. பள்ளத்தாக்கில் பிறர் சொற்களுக்காகத் தன்னையே பழித்தவன், இங்குத் தன் செயலுக்காக வருந்துகிறான். இவ்விரு வருத்தங்களையும் வாசகர் ஒன்றாகக் கருத முடியாதவாறு கதை அமைந்துள்ளது.

தமிழ்த் திறனாய்வுக்கு

1858-இல் கிறித்தவரான கிருஷ்ணபிள்ளை (1827–1900) சீர்திருத்தத் திருச்சபை மரபைச் சார்ந்தவர். பன்யனின் உரைநடைக் கதையைக் கம்பனின் நடைச்செல்வாக்கோடு பருவங்களும் படலங்களும் கொண்ட காப்பியமாக அவர் மாற்றினார். இக்காப்பியத்தின் உருவகப் பாத்திரங்களை மனிதமனத்தின் உட்போராட்டத்துக்குக் குறியீடுகள் என ஒருங்கே கூறுவது திறனாய்வில் வழக்கமாகிவிட்டது. இவ்வாசிப்பு ஓரளவே பொருந்தும். எதிர்ப்படும் பகை அனைத்தையும் மனத்துள் அடக்கிவிட்டால், பின்னின்று கிசுகிசுக்கும் குரலும் வேலியைத் தாண்டும் காலும் ஒரே தன்மையன ஆகிவிடும். மூலநூல் அரிதின் முயன்று பிரித்ததை நாம் மீண்டும் ஒட்டிவிடுகிறோம்.

மாறாக, ஒவ்வொரு படலத்திலும் மூன்று வினாக்களை எழுப்பலாம். தூண்டல் எங்கிருந்து வருகிறது? பயணியின் உள்ளம் அதில் எவ்வளவு மகிழ்கிறது? இசைவு எந்த வினைச்சொல்லால் உணர்த்தப்படுகிறது? வீரமாமுனிவரின் ‘தேம்பாவணி’ இயேசு சபைத் துறவியின் படைப்பு. திரெந்துச் சங்கத்தின் கோட்பாட்டு மரபில் நிற்பது. ஆகவே இரு காப்பியங்களையும் இம்மூன்று வினாக்களோடு ஒப்பிட்டால், கிறித்தவக் காப்பியம் என்னும் பொதுப்பெயருக்குள் மறைந்துள்ள இருவேறு உள்ளவியல்கள் வெளிப்பட வாய்ப்புண்டு. இத்தகைய ஆய்வுக்குத் தூண்டல், நாட்டம், இசைவு என்னும் மூன்று கலைச்சொற்களை நிலைபெறுத்திக்கொள்ளலாம். சபலம் என்னும் சொல்லைத் தவிர்ப்பது நன்று.

முடிவுரை

கிறித்தவ அறத்தில் எண்ணமே பாவம் என்னும் பொதுக்கூற்று திருத்தப்பட வேண்டியது. உள்ளத்தில் ஒன்று தோன்றுதல் பாவமன்று என்பதும், அதற்கு உள்ளம் இசைதல் பாவமே என்பதும் இரு பெரும் மரபுகளுக்கும் பொது. இவற்றுக்கு இடையில் உள்ள நாட்டத்தைப் பற்றியே மரபுகள் முரண்படுகின்றன.

பன்யனின் தன்வரலாறு அம்முரண்பாட்டில் சிக்கிய ஓர் உள்ளத்தின் ஆவணம். அவருடைய உருவகக் கதை, கதைசொல்லியின் பார்வையாலும் இட அமைப்பாலும் அவ்வுள்ளத்துக்கு எல்லைக்கோட்டை வரைந்து தருகிறது. எனினும் நாட்டத்தைப் பொறுத்தவரை அது வினாவை வினாவாகவே விட்டுவைக்கிறது. ஆகவே இவ்வுருவகக் கதையைக் கோட்பாட்டின் எளிய விளக்கமாக மட்டும் கொள்ளுதல் போதாது. கோட்பாட்டால் ஆற்ற இயலாத அச்சம் ஒன்றுக்குக் கதைவடிவம் தேடிய ஆறுதலாகவும் அதனைக் கொள்ள வேண்டும். ‘இரட்சணிய யாத்திரிக’த்தின் படலங்களை இந்நோக்கில் பயில்வது அடுத்த ஆய்வுக்கு உரியதாகும்.